இனாமாய்க் கற்பிப்பவனின் கடன்

சம்பளம் வாங்கித் தொழில் கற்பிக்கிறவனுக்குக் கடமைகள் உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் சாயங்கால வேளையில் தன் பட்டறை வாசலில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இனாமாய் உளி பிடிக்கக் காட்டுகிறவனுக்கு? "நான் வாத்தியார் அல்லவே, அவனாக வந்தான், அவனாகப் பார்த்தான், விரல் போனால் அது அவனுடைய அஜாக்கிரதை" என்று அவன் சொன்னால், மனச்சாட்சி அதை ஒப்புக்கொள்ளுமா?

மரக்கடைசலையே எடுத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் சொப்புச் சாமான் கடையும் இத்தொழில், தலைமுறை தலைமுறையாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகிய தொழில். வில்லையோ கயிற்றையோ கையால் இழுத்துக் கட்டையைச் சுழற்றிய காலத்தில் அது போதும். இழுக்கிற கை நின்றால் கட்டையும் நின்றுவிடும். மோட்டாருக்கு அந்த இரக்கம் கிடையாது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் ஓடுகிறது. 20 சென்டிமீட்டர் கட்டையானால் அதே சுற்றில் வேகம் இருமடங்கு. ஆகவே கட்டை பெரிதானால் சுற்றைக் குறைக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிற பையனுக்கு இது எப்படித் தெரியும்? உருட்டாய்க் கடைந்த கட்டை சுழலும்போது அசையாததுபோல் அல்லவா தோன்றுகிறது!

கைதேர்ந்தவனுக்கு இங்கேதான் சோதனை. சுவிட்சைப் போடுமுன் அவன் கட்டையைக் கையால் ஒருமுறை சுற்றி, எங்கும் இடிக்கவில்லையென்று பார்க்கிறான். போடும்போது கட்டைக்கு நேர் எதிரே நில்லாமல் ஒதுங்குகிறான். உளியை அதன் தாங்கு கட்டையில் ஊன்றிய பிறகே மரத்தில் தொடுகிறான். 30 வருஷப் பழக்கத்தில் இவையெல்லாம் தாமாக நடப்பதால், சொல்ல வேண்டுமென்றே அவனுக்குத் தோன்றுவதில்லை. பையனோ உளியின் முனையைப் பார்க்கிறானேயன்றி, ஒதுங்கி நின்ற காலைப் பார்ப்பதில்லை. கற்பிக்குமுன் தன் கையும் காலும் செய்வதைத் தானே கவனித்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது முதல் கடமை என்பேன்.

ஜுஸ்தினியான் சக்கரவர்த்தி 533-ல் வெளியிட்ட உரோமைச் சட்டத் தொகுப்பில் ஒரு நியாயம் உண்டு. கோவேறு கழுதைகளை அடக்கத் தெரியாமல் ஓட்டியவன், அவை ஒருவனை மிதித்தால், "எனக்குத் தெரியாதே" என்று தப்ப முடியாது. தெரியாமல் இறங்கியதே அவன் குற்றம். கற்பிக்கிறவனுக்கும் இது பொருந்தும். போன மாதம் கற்றவன் இந்த மாதம் பிறருக்குக் காட்டலாம், தான் கற்ற எல்லைக்குள் நின்றால். பம்பரம் கடையத் தெரிந்தவன் பெரிய மரக்கிண்ணம் கடையக் காட்டப் புகுவது துணிச்சல்.

வருகிறவர் வயதில் மூத்தவரானால், "துண்டைக் கழற்றி வையுங்கள்" என்று சொல்லக் கூசும். கூசினாலும் சொல்ல வேண்டும். தொளதொளத்த சட்டைக்கை, மோதிரம், அவிழ்ந்த கூந்தல் எதையும் விடக்கூடாது. கழுத்து உத்தரியமும் சட்டைக்குள் போகட்டும். கையுறை காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் கட்டை அதைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுக்கும். முகத்துக்குக் கவசம் ஒன்றுதான் இருக்கிறதென்றால், உளி பிடிக்கிறவர் அதை அணியட்டும். மற்றவர் தள்ளி நிற்கட்டும்.

மரத்தூளின் காரியம் வேறு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் வகுத்திருக்கிறது. அந்தக் கேடு பல வருஷம் கழித்து வரும். அப்போது கற்பித்தவனை ஒருவரும் குற்றஞ்சாட்ட மாட்டார்கள். அதனாலேயே அவன் அதை அதிகமாய் நினைக்க வேண்டும்: மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகமூடி, தூள் வெளியே போக வழி, இரண்டும் முதல் நாளே வேண்டும்.

"இவ்வளவும் பார்த்தால் யார்தான் கற்பிக்க வருவார்?" என்பீர்கள். மோட்டாரை நிறுத்தி வைத்து அரைமணி நேரம் பேசினால் பெரும்பாகம் முடிந்துவிடும். இன்னொன்று. குழி வெட்டியவன் அதை மூடாமல் விட்டு, அதில் பிறனுடைய மாடு விழுந்தால், அவனே ஈடு செய்ய வேண்டுமென்பது யாத்திராகமத்துக் கட்டளை. பையனைப் பட்டறையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகட்டும்.