அனுசரித்துப் போ என்பது யாருக்கு?



"காலத்தை அனுசரித்துப் போக வேண்டும்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். நல்ல புத்திதான். ஆனால் அதை யார் யாருக்குச் சொல்வது என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

நீலகிரியில் தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள். வெள்ளைக்காரர் காலம் முதற்கொண்டு அவர்களுடைய புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் நடப்பட்டன. மேய்ச்சல் குறைந்தது, மந்தையும் குறைந்தது. அவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. சிலர் காய்கறி பயிரிட்டார்கள். பெண்களின் பூத்தையல் 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. படகர்கள் சாமையையும் கேழ்வரகையும் விட்டு உருளைக்கிழங்குக்கும், பின்பு தேயிலைக்கும் மாறினார்கள். 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது தவித்தவர்களும் அவர்களே. 2009 நவம்பர் பெருமழையில் மலை சரிந்து 40-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

மாறத் தெரிந்தது அவர்கள் திறமை. ஆனால் மரம் நடச் சொன்னவர்கள் அவர்களல்ல. சந்தை விலையை வைத்தவர்களும் அவர்களல்ல. ஒருவன் உண்டாக்கிய மாறுதலின் பாரத்தை வேறொருவன் சுமக்கையில், "பொறுத்துக்கொள்" என்று அவனுக்குச் சொல்வது புண்ணியமாகுமா? பொறுமை நாம் கைக்கொள்ளும் குணம். பிறன்மேல் சுமத்தும் சட்டமல்ல.

நம் பிள்ளைப்பாக்கத்துக்கு வருவோம். வயல் இருந்த இடத்தில் சிப்காட் தொழிற்சாலைகள் எழும்பின. நிலத்துக்கு உடையவர் விலை பெற்றார். அதில் நாற்று நட்ட கூலிக்காரிக்கு என்ன கிடைத்தது? இன்று வடதேசத்திலிருந்து வந்து, நம் வாடகை அறையில் நெருக்கிப் படுக்கும் வாலிபனிடம் எவ்வளவு வாங்குகிறோம்?

ஆகையால், "அனுசரித்துப் போ" என்று வாய் திறக்குமுன், அந்தப் பாரத்தில் என் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். சுமைக்குக் கை கொடுத்தபின் புத்தி சொல்லலாம்.

உங்கள் பங்குக் குரு