தண்ணீர் ஆகாத பெருமாளும் ஓதம் ஏறும் சுவரும்

எங்கள் ஊரான ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளுக்குத் திருமஞ்சனம் கிடையாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பள்ளிகொண்டிருப்பவர்தான். ஆனால் அந்தத் திருமேனியில் தண்ணீர் படக்கூடாது. சுதையால் ஆன திருமேனி அது. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக்குடத்தில் யானைமேல் தீர்த்தம் வருவதெல்லாம் உற்சவரான நம்பெருமாளுக்காக. மூலவருக்குத் தைலக்காப்பு மட்டுமே. அதன்பிறகு பல நாள் திருமுகத்தைத்தான் சேவிக்கலாம், திருவடி சேவை கிடைக்காது.

வீடு ரிப்பேருக்கும் வேதாந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பரம்பொருளே இங்கே காரைவேலையாகக் கிடக்கிறது. அதற்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்து நடப்பதைத்தான் இந்த ஊர் பக்தி என்கிறது.

கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உத்தர வீதியில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ரயில் பெட்டிபோல் நீண்டுகொண்டே போகும் வீடு. இரண்டடி கனத்தில் செங்கல் சுவர். இடையில் மண்ணும் சுண்ணாம்பும். மேலே தேக்கு உத்தரத்தின்மீது செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து காவிரி நிறைந்து ஓடினால் எங்கள் கிணறு ஏறும். கிணறு ஏறினால் சுவரும் ஏறும். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் முழங்கால் உயரத்தில் இருக்கும் ஓதம் இடுப்புக்கு வந்துவிடும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் அப்புகிறது. எங்களுக்கு உப்பு அடிமண்ணிலிருந்து வருகிறது. வழிதான் வேறு, காரை பொரிந்து கொட்டுவது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான்.

ஒரு காலத்தில் என் கணவரின் அண்ணா, கூடத்துச் சுவரில் ஓதம் தெரிந்த உயரம்வரை பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். சில மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது. பிறகு சிமெண்ட் பூச்சு முடிகிற கோட்டுக்கு மேலே உப்புப் பூத்தது. இந்த முறை வேலைக்கு வந்த மேஸ்திரி கரண்டிக் காம்பால் சுவரை அங்கங்கே தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். “மாமி, கீழ மூடினா மேல ஏறும். அதுக்கு வெளிய வர ஒரு வழி வேணுமில்ல?” என்றார்.

விஷயம் அவ்வளவுதான். செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து ஈரம் தானாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது, அப்படி விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே போய் வழி தேடும். ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைச் சுவரிலிருந்து தள்ளும். சுண்ணாம்பும் சிமெண்டும் ஒரே பாறையில் பிறந்தவை என்பதுதான் வேடிக்கை. அரியலூர், கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைதான் இரண்டுக்கும் மூலம். 1939-லிருந்து டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆகிவருவது அந்தப் பாறைதான். களிமண் சேர்த்து 1,450 டிகிரிச் சூட்டில் எரித்தால் சிமெண்டுக்கான கட்டி. சேர்க்காமல் 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. சூளையில் பாறை இழந்த கரியமில வாயுவை, சுவரில் பூசியபின் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் பாறையாகிறது.

வேலை நடக்கும்போது அண்ணா பிள்ளை சென்னையிலிருந்து வந்திருந்தான். பெயர்த்துப்போட்ட காரைக் குவியலைப் பார்த்தபடி கேட்டான்: “சித்தி, முன்னாடியே ரெண்டு உத்தரம் மாத்தியாச்சு. தரை மொசைக் ஆயிடுத்து. கொல்லைப்பக்கம் முழுக்கப் புதுசு. இப்போ காரையும் போறது. இன்னும் இதைக் கொள்ளுத்தாத்தா ஆமுன்னு எப்படிச் சொல்றேள்? ஒரேயடியா இடிச்சு பிளாட் போட்டா என்ன குறைஞ்சுடும்?”

கிண்டலாகக் கேட்டான். ஆனால் கேள்வி பழையது. கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்து இதைக் கேட்டார்கள். மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தால் கடைசியில் இருப்பது அதே கப்பலா? அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். மிலிந்தன் என்ற அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி தேரைக் காட்டி, அச்சா தேர், சக்கரமா தேர் என்று கேட்டுக்கொண்டே போய், தேர் என்பது ஒரு வழக்குப் பெயர் மட்டுமே என்று முடித்தார். ஜப்பானில் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அடிமுதல் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013-ல். அங்கே மரம் பழையதல்ல. கட்டும் முறைதான் பழையது.

ராமானுஜர் இந்தக் கேள்விக்கு வேறு பக்கத்திலிருந்து வருகிறார். உடல் என்றால் என்ன என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கொடுக்கும் இலக்கணத்தின் சாரம் இது: ஓர் உயிர் தன் பொருட்டு எதை எப்போதும் தாங்கி நடத்துகிறதோ, எது அந்த உயிருக்கென்றே இருக்கிறதோ, அதுவே அந்த உயிருக்கு உடல். இதில் சதை, எலும்பு, உருவம், எடை எதுவும் இல்லை. எதனால் ஆனது என்று அவர் கேட்கவில்லை. யாருக்காக இருக்கிறது என்றுதான் கேட்கிறார். அதே சமயம் அந்த உடலை மாயை என்று தள்ளவும் இல்லை. உலகம் மெய், சடப்பொருள் மெய், அது ஈசுவரனுக்கு உடலாக இருப்பதும் மெய். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் விசிஷ்டாத்வைதத்தின் கடினம். ரிப்பேர் வேலையின் கடினமும் அதுதான். யாருக்காக என்பதை மறந்தால் வீடு காட்சிப்பொருளாகிவிடும். எதனால் ஆனது என்பதை மறந்தால் கூடத்துச் சுவரின் கதிதான்.

சரி, ‘யாருக்காக’ என்பதை எப்படி அறிவது? இந்த ஊருக்கு அதில் அனுபவம் உண்டு. 1323-ல் டில்லிப் படை வந்தபோது, மூலவரைக் காக்கச் சந்நிதிக்கு முன்னால் கல்திரை எழுப்பினார்கள். நம்பெருமாளைப் பிள்ளை லோகாசாரியர் தெற்கே எழுந்தருளப்பண்ணிக்கொண்டு போனார் என்பது மரபு. நம்பெருமாள் திரும்பியது 1371-ல். அதற்குள் இங்கே வேறொரு திருமேனியைப் பிரதிஷ்டை செய்து ஆராதித்துவந்தார்கள். பழையவர் யார் என்று நிச்சயமாகச் சொல்ல, அவரை முன்பு கண்ணால் கண்ட தலைமுறையே ஏறக்குறைய போய்விட்டது. பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்துவந்த ஒரு முதிய ஈரங்கொல்லி மட்டும் இருந்தார். அவருக்கும் பார்வை போய்விட்டது. இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈர ஆடைத் தீர்த்தத்தைக் கொடுத்ததும், இவரே நம்பெருமாள் என்று அவர் அடையாளம் காட்டியதாகக் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. மற்றவரையும் ஊர் தள்ளிவிடவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற பெயரோடு அவரும் இங்கேயே இருக்கிறார்.

வேதாந்திகள் நிறைந்த ஊரில் வழக்கைத் தீர்த்தவர் வண்ணார். உலோகத்தைச் சோதிக்கவில்லை, ஓலையைப் புரட்டவில்லை. நித்தம் தொட்டுச் செய்த கைங்கரியம் அவருக்கு ஓர் அறிவைக் கொடுத்திருந்தது. அந்த அறிவைச் சபை பிரமாணமாக ஏற்றது. நான் வகுப்பில் பல ஆண்டு நடத்திய பிரத்யட்சம், அனுமானம், சப்தம் என்ற பிரமாணப் பாடத்தில் இதற்குத் தனித் தலைப்பு கிடையாது. மேஸ்திரி சுவரைத் தட்டிக் கேட்டபோதுதான் இது எந்த வகை அறிவு என்று எனக்கு விளங்கியது.

அண்ணா பிள்ளை விடுகிறவன் இல்லை. யாருக்காக என்பதுதான் முக்கியம் என்றால், பிளாட்டும் மனுஷாளுக்காகத்தானே, சுண்ணாம்பென்ன, கான்கிரீட்டென்ன என்றான். நியாயமான ஆட்சேபம். சிமெண்ட் பாவமில்லை. தலைமுறை தலைமுறையாக மொட்டையாய் நின்ற ராயகோபுரத்தின் கல்தளத்துக்கு மேலே, செங்கல், சிமெண்ட், கான்கிரீட் கொண்டு பதின்மூன்று நிலை எழுப்பி 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்தது இந்த ஊர்தான். அதைக் கோபுரம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. புதிதாகக் கட்டுவதற்கு அதற்குரிய பொருள். பழைய சுவரைத் தொட்டால் அந்தச் சுவருக்குரிய பொருள்.

இடிக்கலாமா என்பதற்கு ஆகமம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்யவேண்டும். சந்நிதியில் இருப்பவரைக் கும்பத்திலோ படத்திலோ ஆவாகனம் செய்து, தற்காலிகமாக வேறு இடத்தில் எழுந்தருளப்பண்ணி, பூஜை நிற்காமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் சுவரில் உளி படலாம். நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் பில்டரிடம் கணக்கு, பிறகு கையெழுத்து, கடைசியில்தான் மாடி ஏற முடியாத பாட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு. அந்த வீட்டில் இருப்பவர்களே கேட்டு, அவர்களுக்கு இடமும் அமைந்தபின் இடித்தால் எனக்கு மறுப்பில்லை.

பழைய சுவருக்கு அதற்குரிய பொருள் என்ற பாடத்தைக் கோயிலும் படித்தது. 2015-ல் செப்டம்பரிலும் நவம்பரிலுமாக நடந்த கும்பாபிஷேகத்துக்கு முன், இடைக்காலத்தில் சேர்ந்த புதுக் கட்டுமானங்களை அகற்றினார்கள். பழைய முறைப்படி பழுதுபார்த்தார்கள். மழைநீர் வடிந்துபோகும் பழைய வழிகளைச் சீர்செய்தார்கள். அந்தப் பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருதை எல்லாரும் கொண்டாடினோம். அதில் தண்ணீருக்கு வழிவிட்டதும் ஒரு பங்கு என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. 2023 ஆகஸ்டில் கிழக்கு வாசல் கோபுரத்தின் முதல் நிலையில் ஒரு பகுதி நள்ளிரவு கடந்து இடிந்து விழுந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாக இருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. விருது வாங்கிய ஊருக்கும் பராமரிப்பில் விடுமுறை கிடையாது என்று அது சொல்லிவிட்டுப் போனது.

ஏழு பிராகாரங்களில் வெளிச்சுற்றுகளில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். எங்கள் சுவருக்கு அடியில் இருக்கும் மண்ணும் ஊற்றும் மதிலுக்கு அடியிலும் இருப்பவைதான். ஆகவே கோயிலுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் கூடத்தில் சிமெண்டைப் பெயர்த்தெடுத்தோம். செங்கல் சில மாதம் காற்றாட உலர்ந்தது. வெளியே வந்த உப்பைத் துடைப்பத்தால் தட்டி அள்ளினோம். பிறகு ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசினார்கள். அரைப்பதும் சுமப்பதும் சித்தாள் பெண்கள். அவர்கள் கூலி கொத்தனார் கூலியைவிடக் குறைவு. இதைக் கைங்கரியம் என்று புகழ்ந்துவிட்டுக் கூலியில் பேரம் பேசினால், படித்த வேதாந்தம் வீண்.

ஓதம் இன்னும் இருக்கிறது. காவிரி இருக்கும்வரை இருக்கும். ஏறுகிறது, காற்றில் போகிறது; காரை சில வருஷத்தில் மறுபடி உதிரும், மறுபடி பூசவேண்டும். இதை நிரந்தரமாகத் தீர்த்துத் தருகிறேன் என்று டப்பாவோடு வாசலுக்கு வருகிறவரை நம்பாதீர்கள். உங்கள் வீடு சுண்ணாம்பு வீடாக இருந்தால் சுண்ணாம்பையே கொடுங்கள். சுவரைத் தட்டிக் கேட்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இன்னும் ஒருவர் இருந்தால், அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, கூடவே ஓர் இளைஞனையும் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.