சொல்லாமை பொய்யாகுமா?

வாய்மையைப் பற்றி முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்திய எனக்கு, சென்ற ஆண்டு எழுந்த ஒரு வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை. வினவியவள், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வளரும் என் பேத்தி.

அந்நாட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர், பள்ளி மதிப்பெண்களோடு ‘எஸ்.ஏ.டி.’ அல்லது ‘ஏ.சி.டி.’ என்னும் பொதுத் தேர்வின் மதிப்பெண்ணையும் அனுப்புவது நெடுநாள் வழக்கம். முன்னது 1926 முதல் நடைபெறுவது. இன்று அதன் உச்ச மதிப்பெண் 1600. மெய்ன் மாநிலத்துப் போடின் கல்லூரி 1969-இலேயே அம்மதிப்பெண் கட்டாயமன்று என அறிவித்தது. 2020-இல் பெருந்தொற்றினால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது மிகப் பல கல்லூரிகள் அவ்வழியை மேற்கொண்டன. பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022-இலும், டார்ட்மத், ஹார்வர்டு ஆகியவை 2024-இலும் அதனை மீண்டும் கட்டாயமாக்கின. எனினும், விரும்பினால் அனுப்பலாம் என்று விட்டிருக்கும் கல்லூரிகள் இன்றும் பல.

என் பேத்தி பெற்றது 1290. அவள் விரும்பிய கல்லூரியில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் அதனினும் மிகுதியாகப் பெற்றிருந்தனர். அங்கு மதிப்பெண் கட்டாயமன்று. “அனுப்ப வேண்டாம், மறைத்துவிடு” என்றான் என் மகன். அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “பாட்டி, கேட்காததைச் சொல்லாமல் விட்டால் பொய்யா?” என்றாள்.

“இல்லையம்மா” என்றேன்.

“அப்படியானால் நீங்கள் சொன்ன துணிக்கடைக்காரர் கதை?”

நான் வாயடைத்துப் போனேன். கிழிசலை மடிப்புக்குள் வைத்துப் புடைவை விற்ற வணிகனின் கதை அது. வாங்கியவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாயால் பொய் கூறாவிடினும் அவன் வாய்மை விரதத்தினின்று வழுவினான் என்று அவளுடைய சிறு வயதில் நானே கற்பித்திருந்தேன்.

இரண்டு நாள்கள் சிந்தித்தேன். கேட்டார்களா இல்லையா என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. நம் மௌனம் பிறர் உள்ளத்தில் பொய்யான எண்ணத்தை விதைக்கின்றதா என்பதே அளவுகோல். மடிப்புக்குள் கிழிசல் இருக்கும் என்பதை வாங்கியவள் அறியாள். நல்ல புடைவை என்று நம்பியே பணம் தந்தாள். கல்லூரியோ அத்தகையதன்று. அனுப்பாதோருள் குறைந்த மதிப்பெண் பெற்றோரும் உளர் என்பதை அது நன்கு அறியும். அறிந்தே அவ்விதியை வகுத்தது. இருவரும் அறிந்த மௌனத்தில் வஞ்சனை இல்லை. ஆனால் தேர்வே எழுதவில்லை என்று கூறினாலும், கேட்குமிடத்தில் மாற்றிச் சொன்னாலும் அது பொய்யேயாம். 2019-இல் அந்நாட்டில் வெளிப்பட்ட ஊழலில், செல்வர் சிலர் பணம் கொடுத்துத் தம் மக்களின் தேர்வு விடைகளையே திருத்தச் செய்தனர். அதுவே உண்மையான கிழிசல்.

எனினும், குற்றமில்லாத செயல் யாவும் நன்மை தருவன ஆகா. டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர் சிலர் ஆராய்ந்தபோது, வசதி குறைந்த மாணவர் சிலர் தமக்குத் துணை செய்திருக்கக்கூடிய மதிப்பெண்களையே அனுப்பாது விட்டனர் என்பது தெரியவந்தது. அவர்கள் பயின்ற பள்ளியின் நிலையோடு ஒப்பிட்டால் அவை உயர்ந்தவை. மாணவர்களோ எல்லோரோடும் தம்மை ஒப்பிட்டு நாணினர். அச்சம் அவர்களுக்கே கேடாயிற்று.

ஆகவே பெற்றோர்க்கு ஒன்று கூறுவேன். அனுப்பாதிருப்பதில் தவறில்லை, ‘மறைத்துவிடு’ என்று குழந்தையிடம் கூறுவதில் தவறு உண்டு. தன் உழைப்பால் பெற்ற எண்ணைக் களங்கமென்று கருத அச்சொல் கற்பிக்கின்றது. ஒரு காலை நேரத்தில் எழுதிய தேர்வு, அன்றைய பயிற்சியின் அளவே, ஆன்மாவின் அளவன்று. அனுப்புவதால் பயன் உண்டா என்று பள்ளி ஆசிரியரோடு கலந்து, கணக்குப் பார்ப்பதுபோல் அமைதியாக முடிவு செய்யுங்கள்.

இவற்றை மகனிடமும் பேத்தியிடமும் கூறினேன். மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது, அம்மா” என்றான். பேத்தி இரண்டு கல்லூரிகளுக்கு மதிப்பெண்ணை அனுப்பினாள். தான் மிக விரும்பிய கல்லூரிக்கு அனுப்பவில்லை. “நேர்காணலில் கேட்டால் 1290 என்று சொல்லிவிடுவேன், பாட்டி” என்றாள். அவள் குரலில் நாணம் இல்லை. எனக்கு அது போதும்.