சாம்பல் நிற நூல்



நம் மாசாயில் தையல் தெரிந்த அம்மாக்கள் நிறையப் பேர். பிளவுஸ், பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை, அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களுக்கு பாஜூ கூரோங் என்று எதையாவது தைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை அவர்கள் தூக்கி எறிவதில்லை. ஒரு பை நிறையச் சேர்ந்ததும் சதுரம் சதுரமாகக் கத்தரித்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத் தைத்து, நடுவில் ஒரு பழைய சேலையை மடித்து வைத்து, பேரப்பிள்ளைக்குப் போர்வை ஆக்கிவிடுகிறார்கள்.

இதில் கடினமான வேலை துணி வெட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நூல் நிறம் பார்ப்பதுதான் கடினம் என்கிறார்கள் அவர்கள். ஒரு துண்டு சிவப்பு, பக்கத்துத் துண்டு மஞ்சள், அடுத்தது கரும்பச்சை. இரண்டை இணைக்கிற நூல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்? சிவப்பு நூல் போட்டால் மஞ்சளில் எட்டிப் பார்க்கும். மஞ்சள் போட்டால் பச்சையில் பல்லிளிக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் நூலை மாற்றிக்கொண்டிருந்தால் போர்வை என்றைக்கு முடியும்? அதனால் கைதேர்ந்தவர்கள் சாம்பல் நிற நூல் ஒரு கண்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளிர் துணிகளே அதிகம் என்றால் சந்தன நிறம். கண்டில் சுற்றியிருக்கும்போது தெரிகிற நிறத்தையும் அவர்கள் நம்புவதில்லை. ஒரு முழம் இழுத்து, ஒற்றை இழையாகத் துணிமேல் கிடத்திப் பார்க்கிறார்கள். மொத்தமாகச் சுற்றியிருக்கும்போது அடர்த்தியாகத் தெரிகிற நூல், ஒற்றையாகப் பிரிந்ததும் வெளிறிவிடும். ஆகவே சரியான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு படி அடர்த்தியானதையே எடுப்பார்கள். அது துணியின் நிழலுக்குள் அடங்கிவிடும்.

அன்பானவர்களே, போர்வையைப் பார்க்கிறவர்கள் சிவப்பைப் புகழ்வார்கள், மஞ்சளைப் புகழ்வார்கள். சாம்பல் நிற நூலை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அது அறுந்தால் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, மறுபடியும் பை நிறைய வெட்டுத்துண்டுகள்தான்.

உங்கள் குடும்பத்தில் அந்த நூல் யார்? சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு அண்ணன்களையும் அம்மாவின் நினைவுத் திருப்பலிக்கு ஒரே வரிசையில் உட்கார வைத்த தங்கை யார்? விடியுமுன் எழுந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிற மகனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, குடித்துவிட்டு வருகிற கணவனுக்கும் கதவைத் திறந்துவிடுகிற தாய் யார்? நம் அன்பியத்தில், தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்களோடும் சீனத் திருப்பலிக்கு வருகிறவர்களோடும் ஒரே முகமாகப் பேசுகிறவர் யார்? அவருக்கு நாம் கடைசியாக எப்போது நன்றி சொன்னோம்?

அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். இத்தனை வருடமாக எல்லோரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன், என்னை யாருக்கும் தெரியவில்லையே என்று இரவில் தோன்றலாம். மறைவாய்ச் செய்வதைக் காணும் தந்தை ஒருவர் உண்டு என்று ஆண்டவர் மலைமேல் அமர்ந்து சொன்னது உங்களுக்காகத்தான். அவர் போர்வையைப் புரட்டி, உள்பக்கத்து மூட்டுகளைப் பார்க்கிறவர்.

துண்டுகளை இணைத்தபின், மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்து மேலாக ஓட்டுத் தையல் போடுவார்கள். அந்த நூல் வெளியே தெரியும். துணியோடு ஒத்த நிறம் போட்டால் கோணல் தையல் கண்ணில் படாது. எதிர் நிறம் போட்டால் ஒவ்வொரு தையலும் தெரியும், தப்பும் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒத்த நிறத்தையே எடுப்பார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது நாம் எல்லோருமே அப்படித்தானே வருகிறோம்? கடன், பிள்ளையைப் பற்றிய பயம், திருமணத்தில் விழுந்த விரிசல், பழைய பாவம் ஒன்று, எல்லாவற்றையும் ஒத்த நிறத்தில் மூடிக்கொண்டு வருகிறோம். யாரிடமிருந்து மறைக்கிறோம்? உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. மாட்சி பெற்ற அந்த உடலில் ஆணிக் காயங்களைத் தெரியும்படியே வைத்துக்கொண்டு, தோமாவைப் பார்த்து இங்கே தொடு என்றார். காயத்தை மூடாத ஆண்டவரிடம் கோணல் தையலைக் காட்ட என்ன வெட்கம்? ஒப்புரவு அருள்சாதனத்துக்குப் பல வருடமாக வராதவர்கள் இங்கே இருந்தால், பயப்படாமல் வாருங்கள். திட்டுவதற்காக நான் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

தையலைப் பற்றி, நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாசிர் கூடாங் கரையில் நின்றால் நீரிணைக்கு அந்தப் பக்கம் புலாவ் ஊபின் தீவு தெரியும். அதற்கும் அப்பால் சாங்கி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் மார்ச் மாதம் சாங்கிச் சிறைக்கு நடத்திப் போனார்கள். கணவன்மார் சிலர் அதே சிறையின் மறுபக்கம், சிலர் போர்க்கைதிகள் முகாமில், பார்க்கவும் பேசவும் வழியில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த எத்தல் மல்வனி என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு 6 அங்குலச் சதுரத் துணி ஒன்று. அதில் உன்னைச் சொல்கிற எதையாவது பூத்தையலாகப் போட்டு, பெயரையும் தைத்துக் கொடு. 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. காயப்பட்டவர்களுக்கு என்று சொல்லி அந்தப் போர்வைகளை வெளியே அனுப்பினார்கள். பெயரைத் தைப்பதன் நோக்கம் வேறு. அதைப் பார்க்கிற யாராவது, உன் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கணவனிடம் போய்ச் சொல்லட்டும். ஒருத்தி முயல் குட்டிக்கு நீல நாடா கட்டியதுபோல் தைத்தாளாம். நமக்குப் பிறந்தது ஆண் குழந்தை என்று அவள் கணவனுக்குச் சேதி. பேச வாயில்லாத இடத்தில் நூலின் நிறம் பேசியது.

அந்தப் போர்வைகளில் மூன்று இன்றும் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூன்றாவது, காயப்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. காவலர்களின் அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காகவும் அதைச் செய்திருப்பார்கள் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். தன்னைப் பூட்டி வைத்தவனுடைய காயத்துக்காக ஊசியில் நூல் கோத்த பெண்ணின் உள்ளத்தில் என்ன ஓடியிருக்கும்? நம்மைக் காயப்படுத்தியவர் ஒருவரை இப்போது மனத்தில் நினைத்துப் பாருங்கள். அவருக்காக ஒரு தையல் போட நம்மால் முடியுமா? முடியவில்லை என்றால் அதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள். இரக்கத்தைக் கேட்கிறவனுக்கும் அவர் இரக்கமே காட்டுகிறார்.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தாத்தாக்களையும் பூட்டன்மாரையும் ஜப்பானியர் தாங்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரமாயிரம் தமிழர் அங்கே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டார்கள். மனைவிக்குச் சேதி அனுப்ப அவர்களுக்கு 6 அங்குலத் துணிகூடக் கிடைக்கவில்லை. தோட்டத்து லயத்தில் காத்திருந்தவளுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

திருத்தூதர் பணிகளில் யோப்பா நகரத்துத் தபித்தாவைப் பற்றி வாசிக்கிறோம். அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே, அவர் தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்ல அவர்களிடம் இருந்தது அந்தத் துணிகள்தான். பேதுரு முழந்தாளிட்டு வேண்டினார், பெயர் சொல்லி அழைத்தார், கை கொடுத்து எழுப்பி அவர்களிடமே உயிரோடு ஒப்படைத்தார். ஏழைகளுக்குத் தைத்துக் கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் ஆண்டவருக்கு மறக்கவில்லை. சயாம் மண்ணில் புதைந்தவர்களின் பெயர்களும் அவருக்கு மறக்கவில்லை. கையில் எழுதி வைத்திருக்கிறேன் என்று இறைவாக்கினர் எசாயா வழியாகச் சொன்னவர் அவர்.

நவம்பர் மாதம் இறந்தோருக்காக நாம் சிறப்பாக மன்றாடுகிற மாதம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். தாத்தாவின் அண்ணன், பாட்டியின் முதல் கணவர், ஊர் தெரியாமல் போன சித்தப்பா, யாராக இருந்தாலும் பெயரை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் அழைத்த பெயர் போதும். கிறிஸ்தவரா இந்துவா என்று பார்க்க வேண்டாம். திருப்பலியில் ஒவ்வொரு பெயராக வாசிப்போம்.