தோழமை நெறி

மக்கட்குரிய பேறுகளுள் இளமையிலேயே வாய்த்தல் வேண்டும், பின்னர் வாயாவென்று உலகத்தாராற் கருதப்படுவன சில உள. கல்வி அவற்றுள் ஒன்று; நட்பு மற்றொன்று. கல்வியைப் பற்றிய அக்கருத்துப் பிழையாதலை முதுமையிற் கற்றுத் தேர்ந்தோர் பலர் காட்டியுள்ளார். நட்பைப் பற்றிய கருத்தோ இன்னும் பலர் நெஞ்சில் வேரூன்றிக் கிடக்கின்றது. நாற்பதாண்டு கடந்தார் ஒருவரை நோக்கி, 'நும் நண்பர் யாவர்?' என வினவின், உடன் பயின்றோர் இருவர் மூவர் பெயரைக் கூறி, 'அவரும் இப்பொழுது தொலைவிலுள்ளார்' என்று பெருமூச்செறிவர். அதன்பின் வந்தாரெல்லாம் தொழிலால் அறிமுகமானோர், கொடுக்கல் வாங்கலால் தெரிந்தோர், அயல்வீட்டார் என்றிவ்வளவே. கரிசல் நிலத்து இவ்விளாத்திகுளத்தும், பருத்தியும் மிளகாயும் கொண்டு வருவாரோடு பகலெல்லாம் பேசி, பொழுது சாய்ந்தபின் ஒரு சொல்லுக்கும் துணையின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பார் உளர். மக்கள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அவற்றிற்கப்பாலும் பிழைப்பு நாடிச் சென்றுவிட, மனைவியையும் இழந்து நிற்கும் முதியவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இஃது உலகியற் குறையாயிற்றே, இதனிடத்துச் சமய நூல் கூறத்தக்கது யாதுளதெனின், உளது. அதுவும் நூலின் முடிந்த முடிபாக உளது.

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களான் இயன்றது என்பதை இவ்விதழ் அன்பர் அறிவர். அவற்றுள் இறுதிச் சூத்திரம், திருவருளாற் பாசநீக்கம் பெற்றாரொருவர் இவ்வுடம்போடு கூடி உலகிடை வாழுங்காறும் எவ்வாறு ஒழுகற்பாலர் என்பதை உணர்த்துவது. மலங் கழுவுதலை அடுத்து அங்கு விதிக்கப்பட்டது யாது? காடு புகுதலன்று, வாய் மூடித் தனித்திருத்தலுமன்று. அன்பரொடு கலந்து வாழ்தலே விதிக்கப்பட்டது. அன்பர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனத் தொழுதல் அதன்பின்னரே வைக்கப்பட்டது. பெறவேண்டியது முற்றும் பெற்றார்க்கும் கூட்டு வேண்டுமென்றால், யாதும் பெறாத நம்மனோர்க்கு வேண்டாமோ?

ஞானம் பெற்றார்க்கு இணக்கம் எற்றுக்கெனின், கூறுதும். இவ்வூர்ப் பக்கத்து ஊருணிகளுட் கோடைக்கு முன் பாசி படர்ந்திருத்தலைக் கண்டிருப்பீர். கல்லொன்றை எறியின் பாசி விலகி நீர் தோன்றும். சற்று நேரத்திற் பாசி மீண்டும் வந்து மூடும். இவ்வுவமையை நம் சாத்திரங்களும் எடுத்தாளும். அறிவு விளங்கிய பின்னரும் பழைய வாசனை மெல்ல மெல்ல வந்து கவியும் இயல்பினது. தனித்திருப்பார்க்கு அது கவிதல் புலப்படாது. பக்கத்திருந்து, 'நேற்றிருந்தவாறு இன்று நீவிர் இல்லையே' என்று சொல்லுதற்கு ஒருவர் வேண்டும். இளையார்க்கு இதனைச் சொல்லத் தாய் தந்தையர் உளர், ஆசிரியர் உளர். வயது முதிர முதிர அவர் ஒருவர்பின் ஒருவராக மறைவர். ஆகலின் நட்பின் தேவை வயதோடு குறைவதன்று, வளர்வதென்றே துணிக.

அற்றேல், அடியாரிணக்கம் வேறு, உலகத்தார் கூறும் நட்பு வேறன்றோ என்பார்க்கு, நம் சமயம் கூறும் நால்வகை நெறியை நினைவூட்டுவல். தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என அவை முறைப்பட வைக்கப்பட்டன. முதலாவது தொண்டன் நெறி. இரண்டாவது மகன் நெறி. மூன்றாவதே தோழன் நெறி. மகன்மையின் பின்னன்றோ தோழமை வைக்கப்பட்டுள்ளது! மகனாதல் பிறப்பான் வருவது; தோழனாதலோ ஒருவன் தானே தேர்ந்து மேற்கொள்வது. தேர்தற்குரிய அறிவு முதிர்ந்த பருவத்தன்றி வாராது. தோழமையைப் பிள்ளைப் பருவத்து விளையாட்டென எண்ணுவார் இம்முறைவைப்பை நோக்குவாராக.

இந்நெறிக்கு எடுத்துக்காட்டாவார் தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள். அவர் இறைவனோடு கொண்ட தோழமையையே நம்மவர் பெரிதும் பேசுவர். அவர் மனிதரோடு கொண்ட தோழமைகளுள் யான் ஈண்டு எடுத்துக்கொள்வது ஏயர்கோன் கலிக்காமரோடு கொண்டதனை. சேக்கிழார் பெருமான் அதனை நானூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய பெரும் புராணத்துள் வைத்துரைத்தார்.

அந்நட்பு அன்பில் தொடங்கியதன்று, பகையில் தொடங்கியது. திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்தமைபற்றிப் பரவையார் ஊடினர். அவ்வூடல் தீர்க்க இறைவனையே இரவிற் றூதனுப்பினார் நம்பியாரூரர். இதனைக் கேட்ட கலிக்காமர், ஆண்டவனை அடியான் ஏவுவதோ என்று கொதித்தார். ஆரூரரைக் காணின் யாது நிகழுமோ என்னுமளவு சினந்தார். அச்சினம் அற்பக் காரணத்தாற் பிறந்ததன்று, பத்தியாற் பிறந்தது. இருவரும் நல்லார், இருவரும் சிவனுக்கு அன்பர், ஆயினும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கலாகாத நிலை. வயது வந்தோர் பகை பெரும்பாலும் இவ்வகையினதே. சிறுவர் பம்பரத்துக்குப் பகைத்து மாலையிற் கூடுவர்; பெரியோர் கொள்கைக்குப் பகைத்து இறக்குங்காறும் கூடார்.

இறைவன் கலிக்காமருக்குச் சூலைநோயை அருளி, அது வன்றொண்டனாலன்றித் தீராதென்று உணர்த்தினான். அவராற் றீர்வதினும் தீராதிருத்தலே நன்றென்றார் கலிக்காமர். இறைவன் ஆரூரரிடம், சென்று நோய் தீர்க்கவென ஏவினான். ஆரூரர் தம் வருகையை முன்னர்ச் சொல்லியனுப்பிப் புறப்பட்டார். அது கேட்ட கலிக்காமர், அவர் வருமுன் நோயும் உயிரும் ஒருங்கே தீர்க வென்று உடைவாளாற் றம் வயிற்றைக் கிழித்து மாய்ந்தார்.

இவ்விடத்து அவர்தம் மனைவியாரைக் கவனியாது கடப்பார் பலர். யான் அவ்வாறு கடக்க ஒருப்படேன். அவர் மானக்கஞ்சாற நாயனாரின் மகளார். கணவரோடு தாமும் உயிர்விடத் துணிந்திருந்த அந்நிலையில், ஆரூரர் வருகின்றார் என்ற செய்தி வந்தது. அழுகையை அடக்குமாறு சுற்றத்தார்க்குக் கட்டளையிட்டார். விளக்கும் நிறைகுடமும் வைத்து எதிர்கொள்ளச் செய்தார். கணவர் வெறுத்த ஒருவர்க்கு, கணவர் இறந்து கிடக்கும் மனையில், வாயிலைத் திறந்தவர் அவ்வம்மையார். அவ்வாயில் திறவாதிருந்தால் பின் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

ஆரூரர் அமர்ந்து நோயாளர் யாண்டுளார் என வினவ, தீங்கொன்றுமில்லை, உள்ளே உறங்குகின்றார் என்றனர். வந்த கடன் தீர்ந்ததென்று அவர் திரும்பியிருக்கலாம். நம்முட் பலர் நோயாளர் வீட்டுக்குச் சென்று திண்ணையளவில் நலம் வினவி மீள்வது அங்ஙனமே. அவரோ, என் மனம் தெளியவில்லை, அவரைக் கண்டேயாகவேண்டும் என்று வற்புறுத்தி உட்புகுந்தார், கண்டார், இவர் சென்ற வழியே யானும் செல்வேன் என்று அவ்வாளையே கையிற் பற்றினார். இறைவனருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் முதற்கட் செய்தது, வாள் பற்றிய அக்கையைப் பிடித்துத் தடுத்தமையே. வெறுத்தவர் கையை அவர் தொட்டது அதுவே முதன்முறையாதல் வேண்டும். பின் ஒருவரையொருவர் வணங்கித் தழுவினர். இருவரும் ஒருங்கே திருப்புன்கூர் சென்று தொழுதனர். திருவாரூர்க்கும் உடன் சென்றனர்.

இவ்வரலாற்றை நோய் தீர்த்த அற்புதமென்று மட்டும் சொல்லி முடிப்பது புராணப் பிரசங்கத்தார் வழக்கம். எனக்கு அது போதாததாகவே தோன்றுகின்றது. வெறுக்கப்படுகின்றோம் என்று அறிந்தும் ஒருவர் நடந்து சென்றார் என்பதும், திண்ணையோடு நில்லாது உள்ளே புகுந்தார் என்பதுமே நம்மனோர் பின்பற்றத்தக்கன. அற்புதம் இறைவன் செயல். நடந்து செல்லுதல் நம் செயல்.

சேரமான் பெருமாளோடு ஆரூரர் கொண்ட நட்பு இதனின் வேறுபட்டது. முடிமன்னர் ஒருவர் தாமே தேடிவந்து பெற்றது அது. 'சேரமான் தோழர்' என்னும் பெயரையே அவர்க்கு ஈந்தது. இருவரும் பாண்டி நாட்டுத் தலங்களை ஒருங்கு தொழுதமையும், கயிலைக்குச் செல்லுழி யானையின் முன் குதிரை சென்றமையும் யாவரும் அறிந்தன, விரிக்க வேண்டுவதில்லை.

இனி, நட்பு வளர்க்குமாறு யாதெனச் சிறிது கூறுவல். திருவள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கும் அதன் கேட்டுக்கும் ஒதுக்கினார். அவற்றுள் நட்பாராய்தலை மட்டும் நன்கு கற்று, ஏனையவற்றை மறந்தார் போல் ஒழுகுவார் நம்மிடையே மிகப் பலர். ஆராய்ந்துகொண்டே இருந்து அறுபது வயதை எட்டியவரை யான் அறிவேன். ஆராய்தல் கொள்ளுதற்கு வாயிலேயன்றிக் கொள்ளாமைக்குச் சாக்காகாது.

மற்றொரு தடை, பிறர்க்கு உதவ இசைந்தும், பிறரிடம் உதவி கேட்க நாணுதல். நம் கடற்கரையை நோக்குக. கொற்கைக் காலந்தொட்டு இக்கடலில் முத்துக் குளித்தனர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்பே அண்மைக் காலத்திற் பெரிதாக நிகழ்ந்தது. குளிப்பவன் காலிற் கல்லைக்கொண்டு கீழிறங்குவான், ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவான், கயிற்றை அசைப்பான், தோணியிலிருப்பவன் இழுப்பான். எத்துணை வல்லவனாயினும் அவன் தன் கயிற்றைத் தானே இழுத்தல் இயலாது. வளர்ந்த ஆடவர் இருவர், ஒருவர் கையில் ஒருவர் உயிரை வைத்து நாள்தோறும் பழகிய பழக்கம் அது. நாமோ ஒரு கடிதம் எழுதித் தரவும் மருத்துவமனைக்கு உடன்வரவும் அயலாரை அழைக்கக் கூசி, அதனை மானமென்று மதிக்கின்றோம்.

இன்னொன்று, இருவரும் கூடிச் செய்தற்கு ஒரு பணி வேண்டும். வெறும் பேச்சாற் பிறந்த நட்பு பேச்சு வற்றியவுடன் வற்றும். அடியேன் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், மிளகாய் வாணிகர் ஒருவரோடு செவ்வாய்தோறும் பெரியபுராணம் வாசிக்கத் தொடங்கினேன். அவர் இலக்கணம் கற்றவரல்லர்; ஆயின் புலவர் கேளா வினாக்களைக் கேட்பார். கலிக்காமர் மனைவியாரைப் பற்றி மேற்கூறியதும் அவர் வினாவினின்று பிறந்ததே. உழவாரப் பணியாயினும், முற்றோதலாயினும், ஊருணி தூர்வாருதலாயினும் அமையும்.

இவையெல்லாம் பல்லாண்டு வேண்டுவன, எமக்கு எஞ்சிய காலமோ சிறிது என்பார்க்கு ஒன்று கூறி அமைவல். இவ்வூர்க்கு அணித்தாகிய ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் தோன்றியவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் சுதேசிக் கப்பல் நடத்திய தூத்துக்குடிக்கு 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வத்தலக்குண்டினரான சுப்பிரமணிய சிவா வந்து சேர்ந்தார். ஒருவர்க்கு அகவை 35, மற்றவர்க்கு 23. பிள்ளையவர்கள் சிவாவைத் தம் இல்லத்திருத்தி உணவளித்தார். மார்ச்சுத் திங்களில் இருவரும் சிறைப்பட்டனர். பழகியது சில கிழமைகளே. அவ்வாண்டு சூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார்: பிள்ளைக்கு அரசநிந்தனைக்காக இருபதாண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காக மற்றோர் இருபதாண்டு. சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் இவை குறைந்தன. நண்பனுக்கு இடங்கொடுத்ததற்கு விதிக்கப்பட்ட தண்டனை அந்நண்பனுக்கு விதிக்கப்பட்டதினும் இருமடங்காயிருந்தது. அதுபற்றி அவர் நட்பை மறுத்தாரல்லர்.

1912 திசம்பரில் பிள்ளை கண்ணனூர்ச் சிறையினின்று விடுதலையானபொழுது, முன்பு அவர்பின் திரண்ட பெருங்கூட்டம் அங்கில்லை. சிறையிலே தொழுநோய் வாய்ப்பட்டு முன்னரே வெளிவந்திருந்த சிவா வாயிலிற் காத்திருந்தார் என்பர். சிவா 1925-இல் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 1935-இல், சிதம்பரம் பிள்ளை சிவஞானபோதத்துக்குத் தாம் எழுதிய உரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் உயிர் நீத்தார். அவ்வுரையைப் பெற்றுப் பன்னிரண்டாஞ் சூத்திரம் வரையிற் படிக்க விழைவார், தனித்துப் படியாது, மற்றொருவரையும் உடனழைத்துப் படிப்பாராக.