எட்டுப் புள்ளிகள்

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரில் என் சித்தப்பாவுக்கு ஒண்ணரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஒரு கிணறு. தண்ணீர் உண்டு, வாயில் வைக்க முடியாது. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும்போது, பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை அந்தத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று தோராயமாகக் காட்டும். முதல் தடவை 2900. எட்டாவது தடவை 2380. நடுவில் மழையைப் பொறுத்து ஏறி இறங்கியது, மொத்தத்தில் இறக்கம்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 500 வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது.

"இன்னாடா சொல்லுது உன் கம்ப்யூட்டர்? தண்ணி எப்ப நல்லாவும்?" என்று கேட்டார் சித்தப்பா. பிளாட் போடும் புரோக்கர் ஒருவர் நிலத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்த நேரம்.

லேப்டாப்பைத் திறந்து, எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தினேன். ஒரே ஒரு வரி கோட். வருஷத்துக்கு 150 போல இறங்கியது. அப்படியே போனால் ரெண்டரை வருஷத்தில் 2000, பதிமூணு வருஷத்தில் 500. "விக்காதீங்க சித்தப்பா" என்றேன். புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்து அதே எட்டுப் புள்ளிகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஏழாம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தினால் எட்டுப் புள்ளிகளையும் பிசகாமல் தொட்டுவிட்டு, அடுத்த வருஷமே எங்கோ பாதாளத்துக்குப் போகிறது. அதைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் வேறொன்று இருந்தது: முதலில் வேகமாக இறங்கி, போகப்போகத் தளர்ந்து, 2100க்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும் வளைகோடு. அதற்குக் கீழே எத்தனை வருஷமானாலும் இறங்காது. என் புள்ளிகளின் சிதறலில், நேர்கோடு மேலா இந்த வளைகோடு மேலா என்று சொல்லவே முடியவில்லை. அளந்த மூன்றரை வருஷத்துக்குள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அளக்காத காலத்தில் ஒன்று நல்ல தண்ணீர் என்கிறது, மற்றது கிடையவே கிடையாது என்கிறது.

1801 ஜனவரி முதல் தேதி, இத்தாலியின் பலேர்மோவில் பியாஸி என்ற வானியலாளர் சீரஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். நாற்பது நாள் சொச்சம் பார்த்த பிறகு அது சூரியனின் வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. அந்தக் கொஞ்சம் அளவீடுகளை வைத்து இருபத்து நாலு வயது காஸ், அது எங்கே மறுபடி தெரியும் என்று கணக்கிட்டுச் சொன்னார். அந்த வருஷக் கடைசியில் கிடைத்தும் விட்டது. கணிதத்தின் வெற்றிக் கதையாக இதைக் கல்லூரியில் கேட்டிருக்கிறேன். ஆனால் காஸுக்குச் சார்பின் வடிவம் முன்பே கையில் இருந்தது: சூரியனைச் சுற்றும் பொருள் கெப்ளர் சொன்ன நீள்வட்டத்தில் போகும். அவர் தேட வேண்டியிருந்தது அதன் எண்களை மட்டும். என் கிணற்றுக்கு எந்தக் கெப்ளர் இருக்கிறார்?

மீச்சிறு வர்க்க முறை, கொடுத்த வடிவத்துக்குள் சிறந்த எண்களைத் தரும். எந்த வடிவம் என்று சொல்ல வேண்டியது நாம். அங்கே ஒரு கதையை நம்புகிறோம். நேர்கோடு என்றால், உப்பு வருஷா வருஷம் ஒரே அளவில் குறையும் என்ற கதை. படுத்துக்கொள்ளும் வளைகோடு என்றால், எங்கிருந்தோ இன்னும் உப்பு வந்துகொண்டே இருக்கிறது என்ற கதை. நான் முதல் கதையை நம்பியதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. அது எளிது, அதோடு நல்ல சேதி.

இந்தத் தோல் பட்டறைகளின் கழிவுநீரைப் பற்றிய வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது; சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் அது. தோல் பட்டறைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாக ஒரு கணக்கும் அதில் வருகிறது. மீளாத சேதம் வரும் ஆபத்து இருந்தால், அறிவியல் உறுதி இன்னும் இல்லை என்பதைச் சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் செய்பவர். இதுதான் அதில் வரும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. என் பாஷையில் சொன்னால்: இரண்டு கோடுகளும் ஒரே அளவு பொருந்தும்போது, தவறினால் யார் தலையில் விடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடு.

ஆனால் எச்சரிக்கையான கோட்டுக்கும் விலை உண்டு. 2100தான் கதி என்று நான் சொல்லி, அவர் நிலத்தை விற்று, பிறகு தண்ணீர் தெளிந்தால்? பட்டறையை மூடினால் தண்ணீர் பிழைக்கும் என்று எழுதிவிடலாம். என் தங்கச்சி விடிகாலையில் ஏறிப் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸும் அந்தத் தோலை நம்பித்தான் ஓடுகிறது. இந்த விலைகளில் எதையும் நான் கட்டப்போவதில்லை. எனக்குப் பெங்களூரில் கேன் தண்ணீர் வருகிறது. அப்படியிருக்க, கோட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் நான் எப்படி எடுத்துக்கொண்டேன்?

அடுத்த சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். ஒரே தாளில் இரண்டு கோடுகளையும் வரைந்து காட்டி, "அன்னிக்கு ஒண்ணத்தான் சொன்னேன் சித்தப்பா, தப்பு" என்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல் டேனரியில் வேலை பார்த்தவர். தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "தோலு கெடாம இருக்க அதோட எடையில பாதி உப்புப் போட்டு வரும். ஊற வெக்கறதுக்கு முன்ன ஒதறுவோம். ஒதறின உப்ப மேட்டுப் பக்கம் கொட்டுவாங்க. மழ பேஞ்சா கரஞ்சு இந்தப் பக்கந்தான் எறங்கும். இன்னும் கெடக்குதுடா அங்க. நீ கேக்கவே இல்லியே."

சார்பின் வடிவம் அவரிடம் இருந்திருக்கிறது. நான் மீட்டரிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

நிலத்தை என்ன செய்வது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. கிளம்பும்போது, "அந்த மீட்டர இங்கயே வெச்சிட்டுப் போ" என்றார். இப்போது மாசா மாசம் அவரே அளந்து, பால் கணக்கு நோட்டில் எழுதி வைக்கிறார். மழை பெய்த நாளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறார்.