மூலவரும் உற்சவரும்

நவராத்திரி தொடங்குவதற்குச் சில தினங்களுக்கு முன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். காவல்துறையினர் அணிவகுத்து நின்று துப்பாக்கியை நிமிர்த்தி மரியாதை செய்ய, வாத்தியங்கள் முழங்க, வாசல்தோறும் பெண்கள் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்க, அவள் தெருவைக் கடந்து பத்மநாபபுரத்தை அடைந்து, அங்கிருந்து சரஸ்வதி தேவியோடும் வேளிமலைக் குமாரசுவாமியோடும் கூடிக்கொண்டு, பழைய திருவிதாங்கூர் மன்னரின் தலைநகரை நோக்கிப் போகிறாள். மன்னராட்சி போயிற்று, 1956 நவம்பர் முதல் தேதியில் எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்து, நடுவில் ஒரு மாநில எல்லையும் முளைத்தது. ஆயினும் ஆண்டுதோறும் வருகிற அந்த அழைப்பை அவள் ஒருபோதும் தட்டியதில்லை. பூஜை முடிந்தபின் தன் ஊருக்குத் திரும்பாமல் இருந்ததும் இல்லை.

சிறுவனாக இருந்தபோது, பல்லக்கு தெருமுனையில் திரும்பி மறைவதைப் பார்த்துவிட்டு, பாட்டியிடம் கவலையோடு கேட்டேன்: அம்மன் போய்விட்டால் கோயிலில் யார் இருப்பார்கள்? பாட்டி சிரித்துவிட்டு, "போறது உற்சவம்லா மக்கா; மூலவிக்கிரகம் உள்ள இருக்குல்லா, அது எங்கயும் போவாது" என்றாள். அந்த விடை அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஸ்தாபனத்தில் கணக்கெழுதும் உத்தியோகத்தில் அமர்ந்து, என் மேஜைக்கு அடுத்த மேஜையில் ஒரு விசித்திரமான மனிதரைச் சந்தித்த பிறகே, அந்த விடையில் எவ்வளவு பொருள் பொதிந்திருந்தது என்பது எனக்கு மெல்ல மெல்ல விளங்கலாயிற்று.

அவரும் சுசீந்திரத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பத்து மாதம் எங்களைப்போலக் கணக்கெழுதுவார். மீதி இரண்டு மாதம் கோயம்புத்தூரில் சிப்பாயாக இருப்பார். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 110ஆம் பிராந்திய ராணுவப் பட்டாளம் அங்கே இருக்கிறது. ராணுவத்தில் சேர்ந்தவன் வேறு உத்தியோகம் பார்க்கலாகாது என்றே எண்ணியிருந்த எனக்கு, வேறு உத்தியோகமோ தொழிலோ இருந்தால்தான் இந்தப் படையில் இடமுண்டு என்று அவர் சொன்னபோது வியப்பாக இருந்தது. பிராந்திய ராணுவம் வயிற்றுப்பிழைப்புக்கு வழி காட்டுவதன்று. பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டவனிடமிருந்து ஆண்டில் சில நாட்களையும், ஆபத்து வருங்காலத்தில் அவனையே முழுவதுமாகவும் கேட்பது. 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் உருவான இந்தப் படையை 1949 அக்டோபர் 9ஆம் தேதி தொடங்கிவைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. கதர் வேட்டி உடுத்து அகிம்சையைப் போதித்த ஒரு வக்கீல், வக்கீல்களும் குமாஸ்தாக்களும் விவசாயிகளும் சேரத்தக்க ஒரு சேனைக்குப் பிள்ளையார்சுழி போட்டார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு புன்னகை வரும்.

எங்கள் பக்கத்துக்குப் பெயர் தந்த நாஞ்சில் என்ற சொல்லுக்குப் பொருளே கலப்பைதான். அப்பெயர் பூண்ட மலைக்குத் தலைவனாகப் புறநானூற்றில் வருகிற வள்ளுவனோ வேந்தர்க்குத் துணைநின்ற வீரன். உழவும் போரும் ஒருவன் கையிலேயே இருந்த காலத்தில், இரண்டுக்கும் இடையே இப்போதுள்ள அளவு பிணக்கு இருந்திராது என்று தோன்றுகிறது. ஏனெனில் வயலுக்குப் பருவம் உண்டு. கன்னிப்பூ அறுத்துக் கும்பப்பூ நடுவதற்கும், கும்பப்பூ அறுத்து மறுபடி ஏர் பூட்டுவதற்கும் நடுவே மண்ணும் மனிதனும் சேர்ந்து இளைப்பாறும் சில நாட்கள் இருந்தன. அலுவலகத்துக்கோ பருவம் கிடையாது. பேரேட்டில் ஒரு நாள் பதியாமல் விட்ட வரவு மறுநாள் இரட்டிப்பாக நிற்கும். ஒருவன் எழுந்து போனால் அவன் நாற்காலி காலியாகுமே தவிர, அவன் வேலை காலியாவதில்லை. அது பக்கத்து மேஜைக்கு நகர்ந்துவிடும்.

அந்தப் பக்கத்து மேஜை என்னுடையது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலையில், பாக்கி நிற்கிற காரியங்களை எல்லாம் ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதி, எண்ணிட்டு, என் மேஜையில் வைத்து, அதன்மேல் மைக்கூட்டைப் பாரமாக வைத்துவிட்டுப் போவார் அவர். எந்த வியாபாரி எந்தத் தேதியில் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறான், எந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, எந்த ரசீதில் தொகை தவறியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அவ்வளவு ஒழுங்கான அந்தத் தாளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். நாட்டுக்குச் சேவை செய்கிற புண்ணியம் அவருக்கு. அந்தச் சேவைக்கு உரிய மூட்டையைச் சுமக்கிற பாவம் எனக்கா என்று மனத்துக்குள்ளும், சில வேளைகளில் மனத்துக்கு வெளியேயும் முணுமுணுத்திருக்கிறேன். குடியரசு தினத்தன்று கொடிக்கு முன் நின்று உணர்ச்சியோடு பாடியவனும் நான்தான்.

ஒரு மாசி மாதம், அவர் பூட்டிவிட்டுப் போன அலமாரியில் ஒரு பழைய கணக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. தாளின் கடைசி வரியில், "தாக்கோல் வீட்டில் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கும்பப்பூ அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருந்தது. அவர் மனைவி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மரக்காலைக் கையில் பிடித்து, அறுப்புக்காரர்களுக்குக் கூலி நெல் அளந்துகொண்டிருந்தார். ஒரு பையன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினான். திண்ணையில் மாமியார் இருமிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறிவிடாமல் வாயால் எண்ணிக்கொண்டே, அவர் மனைவி என்னை உட்காரும்படி கண்ணால் சாடை காட்டினார். அளந்து முடித்துத் தாக்கோலை எடுத்துக் கொடுத்தபோது, நான் ஏதோ பேச்சுவாக்கில், அவர் போய்விட்டால் எங்களுக்கு வேலை கூடுதல் என்று சொல்லிவைத்தேன். அம்மையார் கோபிக்கவில்லை. "ஒங்களுக்கு ஒரு நோட்டுதான அண்ணாச்சி கூடுதலு? அதுக்கும் அஞ்சு மணிக்கு ஒரு மணி அடிச்சிருவாங்கல்லா" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு அளக்கத் திரும்பிவிட்டார். தாக்கோலை வாங்கிக்கொண்டு பழையாற்றுப் பாலம்வரை நடந்து வந்தவனுக்கு, அந்த மணியோசை காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது.

சேவைக்குப் போகிறவனின் வேலையைப் பற்றிச் சட்டம் யோசிக்காமல் இல்லை. படைச்சேவை முடித்து வருகிறவனை அவனுடைய முதலாளி மறுபடியும் வேலையில் அமர்த்தக் கடமைப்பட்டவர் என்றும், அவன் போகாமலே இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பானோ அதற்குக் குறையாத நிலையில் அமர்த்தவேண்டும் என்றும் பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவு விதிக்கிறது. இயலாது என்று முதலாளி சொன்னால் வழக்கை விசாரிக்க ஓர் அதிகாரி உண்டு. ஆறு மாத ஊதியத்துக்கு மேற்படாத நஷ்டஈடும் உண்டு. அழைப்பு வருமுன்னரே, இந்தக் கடமையிலிருந்து நழுவும் எண்ணத்தோடு ஒருவனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிற சாமர்த்தியத்தையும் அச்சட்டம் முன்கூட்டியே கண்டுகொண்டு, அப்படி நீக்கினாலும் பொறுப்பு நீங்காது என்று கதவை அடைத்திருக்கிறது. மனித சுபாவத்தை நன்கறிந்த யாரோ ஒருவர்தான் இதை எழுதியிருக்கவேண்டும்.

ஆயினும் சட்டம் காக்கக்கூடியது நாற்காலியைத்தான். ஒரு வருஷம் எங்கள் ஸ்தாபனத்தில் தலைமைக் கணக்கர் இடம் காலியாயிற்று. அனுபவத்தாலும் திறமையாலும் அது அவருக்கே உரியது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. மேலதிகாரி என்னை அழைத்து, "பொறுப்பான இடத்துக்கு வருஷம் பன்னிரண்டு மாசமும் இருக்கிற ஆள் வேணும் பாத்துக்கிடும்" என்று சொல்லி உத்தரவைக் கையில் கொடுத்தார். அந்தப் பேச்சில் ராணுவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டத்தின் எந்தப் பிரிவுக்கும் அகப்படாத வாக்கியம் அது. நண்பர் போகாமலே இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலையில் நான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முகாமிலிருந்து தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்த முகத்தோடு திரும்பிய அவர், செய்தியைக் கேட்டு என் கையைக் குலுக்கிவிட்டுத் தம் மேஜையில் அமர்ந்து, நான் இரண்டு மாதமாகத் தவறாகக் கூட்டி வைத்திருந்த ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்தத் தொடங்கினார்.

சிங்கப்பூரில் இருக்கிற என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. அங்கே 1967 முதல் ஆண்மக்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். முழுநேரச் சேவை முடிந்த பின்னரும் பத்தாண்டுச் சுழற்சியில், ஆண்டுக்கு நாற்பது நாள்வரை 'ரிசர்விஸ்ட்' பயிற்சிக்கு அழைப்பார்கள். விடுப்பு மறுக்க முதலாளிக்கு உரிமையில்லை. அந்நாட்களில் இழக்கிற சம்பளத்தை அரசாங்கமே ஈடு செய்கிறது. ஆனால் நான் ஊன்றி யோசித்தது பணத்தைப் பற்றியன்று. இந்த மாதம் அவன் போனால் அடுத்த மாதம் பக்கத்து மேஜைக்காரன் போகிறான். சுமை எல்லோர் தோளுக்கும் முறைவைத்து வருவதால், ஒருவன் சுமையை மற்றவன் தாங்குவது உபகாரமாகவோ கொடுமையாகவோ தோன்றாமல், வெறும் முறையாகிவிடுகிறது. நம் நாட்டிலோ இஷ்டப்பட்டவர் மட்டுமே போகிறார். இஷ்டப்பட்டுப் போகிறவரின் பெருமை அதனால் கூடுகிறது என்பது உண்மை. அவ்விஷ்டத்தின் விலையில் ஒரு பங்கை இஷ்டமில்லாத எவனோ ஒருவன் தலையில் கட்டிவிடுகிறோம் என்பதும் உண்மை. ஆகையால் அடுத்த மேஜைக்காரனின் முணுமுணுப்பைத் தேசத்துரோகம் என்று அதட்டி அடக்குவதில் நியாயமில்லை. அவன் சுமப்பதும் அந்தச் சேவையின் ஒரு பகுதியே என்று அவனிடமே சொல்லி, அதற்குரிய ஆளையோ கூலியையோ நன்றியையோ கொடுத்திருந்தால், அந்த முணுமுணுப்பில் பாதி எழுந்திராது. மீதிப் பாதி என்னைப்போன்றவர்களின் அற்பத்தனம். அதற்குச் சட்டமும் மருந்தில்லை, சம்பளமும் மருந்தில்லை.

பிராந்திய ராணுவத்தின் இலட்சிய வாக்கியம் 'சாவ்தானி வ ஷூர்தா' என்பது. ஹிந்தியில் சாவதானம் என்றால் விழிப்பு. நாமோ அதே சொல்லுக்கு ஆற அமர இருத்தல் என்று பொருள் கொண்டிருக்கிறோம். நண்பரிடம் இதைச் சொல்லி நான் நகைத்தபோது அவர் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதாம்வே. ஆற அமர இருக்கப்பட்டவனுக்குத்தான் கண்ணு தொறந்திருக்கும்." சேவைக்கு அழைப்பு வராத நாட்களில் அவர் எங்கள் எல்லோரையும்விட நிதானமாக வேலை செய்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கடமைகள் உள்ளவன் இரண்டாகப் பிளந்துபோவான் என்று நான் எண்ணியது தவறு. ஒன்றைச் செய்யும்போது மற்றொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு திரியாதவன் பிளப்பதில்லை.

2025 மே மாதத்தில், எல்லையில் போர்மேகம் கவிந்திருந்த வேளையில், பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படைப் பட்டாளங்களில் 14ஐப் பணிக்கு அழைத்துக்கொள்ள இடமளித்து மத்திய அரசு தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் வழங்கியது என்ற செய்தி வந்தபோது, பத்திரிகைகள் எல்லாம் அழைப்புப் பெறுவோரின் வீரத்தைப் பற்றி எழுதின, அது தகும். எனக்கோ அந்தச் செய்திக்குள் எத்தனையோ அலுவலகங்களில் மைக்கூட்டின் அடியில் வைக்கப்பட்டிருக்கும் தாள்களும், எத்தனையோ களங்களில் கைமாறும் மரக்கால்களும் தெரிந்தன.

தெய்வத்துக்கு இரண்டு திருமேனிகள். ஒன்று அழைப்பை ஏற்றுப் புறப்படுகிறது. மற்றது கருவறையை விட்டு அசையாமல் நிற்கிறது. போவது அவளேதான், இருப்பதும் அவளேதான் என்பதால், இருக்கிறவள் போகிறவள்மேல் வருத்தப்படுவதில்லை. மனிதனுக்குக் கிடைத்திருப்பது ஒரே உடம்பு. அவன் புறப்பட்டால், அவனுக்காக நிற்கிற மூலவர் வேறொருவராகத்தான் இருக்கமுடியும்.

நண்பர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின. முன்பெல்லாம் நங்கை புறப்படுகிற நாளில் கூட்டத்தில் இடிபட்டு நின்று கும்பிடுவேன். இப்போது அன்றைக்குப் போவதில்லை. பல்லக்கு போய், வாத்தியம் அடங்கி, தெருவில் சிந்திய பூவும் உலர்ந்துபோன பிறகு, அவள் ஊரில் இல்லாத அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் போகிறேன். சந்நிதியில் ஓரிருவர் இருப்பார்கள். சில வேளை அர்ச்சகர் மட்டும் இருப்பார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மூலவரைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு வருகிறேன்.